ஒரு குறுஞ்செய்திக்கு எத்தனை பேர் பொறுப்பு?

உலகின் முதல் குறுஞ்செய்தி கைபேசியிலிருந்து புறப்படவில்லை. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் ஒரு கணினியில் கிறிஸ்துமஸ் வாழ்த்தைத் தட்டி, வோடஃபோன் நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜார்விஸின் கைபேசிக்கு அனுப்பினார். கணினி பேச, மனிதர் கேட்கும் ஊடகமாகவே எஸ்எம்எஸ் பிறந்தது. இடையில் சில ஆண்டுகள் நண்பர்களும் காதலர்களும் அதைக் கடன்வாங்கிக்கொண்டார்கள். தீபாவளி, பொங்கல் என்றால் இலவசச் செய்தித் திட்டம் செல்லாது என்று சொல்லித் தொலைபேசி நிறுவனங்கள் காசு கறந்த காலம் அது. அவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்த பிறகு எஸ்எம்எஸ் மறுபடி கணினியின் கைக்கே போய்விட்டது.

நம் கைபேசியின் செய்திப்பெட்டியைத் திறந்து பார்த்தாலே தெரியும். மனிதர் கைப்பட எழுதியது ஒன்றிரண்டு தேறினால் அதிகம். மற்றதெல்லாம் வங்கியின் ஓடிபி, ரேஷன் கடையில் வாங்கிய பொருள் விவரம், சிலிண்டர் பதிவு எண், மின்கட்டணத் தொகை, ரயில் டிக்கெட், பள்ளி விடுமுறை அறிவிப்பு. ஒவ்வொன்றின் பின்னாலும் எங்கோ ஒரு சர்வரில் ஒரு நிரல் ஓடுகிறது. பல இடங்களில் அது ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது. செய்தி அனுப்பித் தரும் நிறுவனம் ஒன்றில் கணக்குத் தொடங்கி, அதன் சேவையை நம் நிரலிலிருந்து அழைக்க உதவும் ஏபிஐ சாவி ஒன்றைப் பெற்று, பெறுபவர் எண், அனுப்புநர் பெயர், வாசகம் மூன்றையும் சேர்த்து இணையம் வழியாகக் கொடுத்தால் வேலை முடிந்தது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரி. முதலாண்டுக் கல்லூரி மாணவர் ஒரு மதியப் பொழுதில் எழுதிவிடுவார். ஒருவருக்கு அனுப்பும் அதே வரியை திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்புக்குள் வைத்தால் பத்து லட்சம் பேருக்குப் போகும்.

இவ்வளவு எளிதாகிவிட்ட காரியத்தில் பொறுப்பு மட்டும் எங்கே போய்த் தங்குகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. பணத்தை இழந்த ஒருவர் வங்கிக்குப் போனாலும் காவல் நிலையத்துக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஓடிபியை ஏன் சொன்னீங்க?” செய்தியை வடிவமைத்த நிறுவனம், நிரல் எழுதியவர், இடையில் நின்று கடத்திய ஏபிஐ நிறுவனம், வாங்கிக் கொண்டுசேர்த்த தொலைத்தொடர்பு நிறுவனம் என்று நான்கு கை மாறி வந்த ஒன்றுக்கு ஐந்தாவதாக நிற்கும் ஆள், அதுவும் இந்தத் தொழில்நுட்பம் எதையும் அறியாதவர், முழுப் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது. அதற்கு ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பயனில்லை. ஐந்து பேரும் தம் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. தொல்லை அழைப்புகளைத் தடுக்க 2007-ல் ஒரு பதிவேடு வந்தது. புகார் செய்ய 1909 என்ற எண்ணும் வந்தது. 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முற்றிலும் புதிய விதிமுறைகளை அறிவித்தது. அதன்படி வணிகச் செய்தி அனுப்பும் எந்த நிறுவனமும் டிஎல்டி எனப்படும் பதிவேட்டில் தன்னைப் பதிய வேண்டும். பிளாக்செயின் முறையில் இயங்கும் பதிவேடு அது. அனுப்புநர் பெயரை, அதாவது ஹெடரைப் பதிய வேண்டும். அனுப்பப்போகும் வாசகத்தையும் முன்கூட்டியே டெம்ப்ளேட்டாகக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர், தொகை, ஓடிபி போன்று ஆளுக்கு ஆள் மாறும் இடங்களை மட்டும் காலியாக விடலாம். நிரல் அனுப்பும் வாசகம் அந்த டெம்ப்ளேட்டோடு பொருந்தவில்லை என்றால் தொலைத்தொடர்பு நிறுவனம் அதைக் கடத்தாமல் தூக்கிப் போட்டுவிடும்.

2021 மார்ச் 8 அன்று இந்தச் சல்லடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு நாடு முழுக்க ஓடிபி வராமல் மக்கள் திண்டாடினார்கள். பணப் பரிமாற்றம் நின்றது. ஆதார் சரிபார்ப்பு, தடுப்பூசிப் பதிவு என்று பல இடங்களில் தடங்கல். மறுநாளே டிராய் அந்தச் சல்லடையை ஏழு நாட்களுக்கு நிறுத்திவைத்தது. பிறகு, விதிமுறைகளை நிறைவேற்றாத நிறுவனங்களின் பட்டியல் என்று நாற்பது பெயர்களை வெளியிட்டபோது, நாட்டின் பெரிய வங்கிகளே அதில் இருந்தன. விதி வந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. டெம்ப்ளேட் பதிவது சட்டப் பிரிவின் வேலை என்று நிரலாளர் நினைத்திருப்பார். தொழில்நுட்பப் பிரிவின் வேலை என்று சட்டப் பிரிவு நினைத்திருக்கும். வாடிக்கையாளர் கவனித்துக்கொள்வார் என்று ஏபிஐ நிறுவனம் விட்டிருக்கும். நிறுவனங்களுக்குள் நடப்பதை அறிந்தவர்கள் இதை வியக்கமாட்டார்கள்.

பொறுப்பை முன்கூட்டிப் பகிர்ந்துகொள்ளாவிட்டால் கடைசியில் எல்லாருக்கும் சேர்த்துக் கதவடைப்பு வரும் என்பதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. 2012 ஆகஸ்ட்டில் வடகிழக்கு மாநில மக்களைத் தாக்கப்போகிறார்கள் என்ற வதந்தி பெங்களூருவிலும் சென்னையிலும் பரவியது. ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சோடு ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். அரசுக்குக் கிடைத்த ஒரே கருவி, நாடு முழுவதும் ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து எஸ்எம்எஸ்ஸுக்கு மேல் அனுப்பக்கூடாது என்ற தடை. பதினைந்து நாட்களுக்கு அது விதிக்கப்பட்டது. வதந்தி பரப்பியவருக்கும், மருத்துவமனையில் கிடக்கும் தந்தையின் நிலையைத் தங்கைக்குச் சொல்ல நினைத்தவருக்கும் ஒரே ஐந்து.

இப்போது நிலைமை மேம்பட்டிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, முன்கூட்டியே பதிவு செய்யாத இணைப்பு உள்ள செய்தி போகாது. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து, ஒரு செய்தி எந்தெந்த நிறுவனங்கள் வழியே வந்தது என்ற சங்கிலி முழுதும் பதிவாகியிருக்க வேண்டும். 2025-ல் அனுப்புநர் பெயரின் வாலில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. வங்கியிடமிருந்து என்று வந்த செய்தியில் அனுப்புநர் பெயரின் முடிவில் இந்த எழுத்து இல்லையென்றாலோ, அது சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தாலோ சந்தேகப்படலாம். இந்த ஒன்றை நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். 2022 வாக்கில் நாடெங்கும் சுற்றிய “உங்கள் மின் இணைப்பு இன்றிரவு 9.30-க்குத் துண்டிக்கப்படும்” என்ற மோசடிச் செய்தி பெரும்பாலும் இப்படிப்பட்ட பத்து இலக்க எண்களிலிருந்துதான் வந்தது. முன்வாசலில் காவல் போட்டதும் திருடர்கள் கொல்லைப்புறம் போனார்கள்; வாட்ஸ்அப்புக்கும் போனார்கள்.

ஆனால் காவலை மட்டும் பேசிக்கொண்டிருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. நிரலாளர்கள் தப்பித்துக்கொள்ளலாம். சட்டம் செய்தியின் வாசகத்தைப் பார்க்கிறது. அதை அனுப்பும் நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு வரும் இளைஞர்களில் கணிசமானோர் இந்தத் தொழிலில் நுழைவதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

முதலில் சாவி. ஏபிஐ நிறுவனம் கொடுக்கும் ரகசியச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் பெயரில், உங்கள் செலவில் செய்தி அனுப்பலாம். அது சர்வரில் மட்டும் இருக்க வேண்டிய ஒன்று. ஜாவாஸ்கிரிப்டின் சிறப்பு என்னவென்றால் அது சர்வரிலும் ஓடும், பயனரின் பிரவுசரிலும் ஓடும். அதுவே பொறியும்கூட. அவசரத்தில் எழுதும் ஒருவர் சாவியைப் பிரவுசரில் ஓடும் நிரலிலேயே வைத்துவிட்டால், எஃப்12 விசையை அழுத்தத் தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம். கைபேசிச் செயலிக்குள் வைத்தாலும் பிரித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நிரலைப் பொதுவில் போடும்போது சாவியும் கூடவே போய்விடுவது அன்றாடக் கதை. இப்படிச் சிதறும் சாவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவு பகலாகச் சுற்றுகின்றன. ஒப்புதல் பெற்ற ஹெடர், ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட், அதில் மாறும் இடத்தில் மட்டும் மோசடிக்காரரின் வாசகம் என்று ஒரு செய்தி கிளம்பினால், பெறுபவர் அதைச் சந்தேகிக்க என்ன முகாந்திரம் இருக்கிறது? 2023 பிப்ரவரியில் டிராய் எல்லா ஹெடர்களையும் டெம்ப்ளேட்டுகளையும் மறுசரிபார்க்கச் சொன்னதற்கு இத்தகைய துஷ்பிரயோகமே காரணம்.

அடுத்து ஓடிபி. ஆறு இலக்க எண்ணை உருவாக்க ஜாவாஸ்கிரிப்டில் சுலபமாகக் கைக்கு வருவது மேத்.ராண்டம். விளையாட்டில் பகடை உருட்ட அது போதும். ரகசியத்துக்கு உதவாது, முன்பு வந்த எண்களைக் கொண்டு அடுத்து வரப்போவதைக் கணக்கிட வழியுண்டு. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் சூழலில் கிரிப்டோ என்ற பகுதி இதற்கென்றே இருக்கிறது, அதை அழைப்பதும் ஒரே வரிதான். இதைவிட மோசம், உருவாக்கிய ஓடிபியைச் சரிபார்க்கும் வேலையைப் பிரவுசரிடம் ஒப்படைப்பது. சர்வர் பயனரின் கைபேசிக்கு ஓடிபியை அனுப்பிவிட்டு, அதே எண்ணைப் பதிலாகப் பிரவுசருக்கும் அனுப்பிவிடும். உள்ளே நுழைய நினைப்பவருக்குக் கைபேசியே தேவையில்லை. பாதுகாப்புச் சோதனை செய்பவர்களிடம் கேட்டால், இந்த ஓட்டை எத்தனை முறை தட்டுப்பட்டிருக்கிறது என்று சலிப்போடு சொல்வார்கள்.

மூன்றாவது, நிதானம். “ஓடிபி அனுப்பு” என்ற பொத்தானை எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம், எந்த எண்ணுக்கு வேண்டுமானாலும் அழுத்தலாம் என்று திறந்துவிட்டால் என்ன ஆகும்? எஸ்எம்எஸ் பாம்பர் என்று ஒரு விஷமம் இருப்பது கல்லூரி விடுதிகளில் எல்லாருக்கும் தெரியும். வேண்டாதவர் எண்ணைக் கொடுத்தால், நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் ஓடிபி பக்கங்களை ஒரே நேரத்தில் தட்டி அவர் கைபேசியை மூச்சுத்திணற வைக்கும். அந்தச் செய்திகளில் ஒன்றுகூடப் போலி கிடையாது. பதிவுபெற்ற, நேர்மையான நிறுவனங்களின் உண்மையான ஓடிபிகள். அந்த வெள்ளத்தின் நடுவே வங்கியிலிருந்து வரும் உண்மையான எச்சரிக்கை முழுகிப்போகும். ஒரே எண்ணுக்கு நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு ஐந்து என்று வரம்பு வைக்க நான்கைந்து வரி கூடுதலாக எழுதினால் போதும். இப்படித் திறந்துகிடக்கும் பக்கங்களைப் பயன்படுத்தி, தொலைதூர நாடுகளின் கட்டண எண்களுக்குச் செய்திகளைப் பாய்ச்சிப் பங்கு பிரித்துக்கொள்ளும் கும்பல்களும் உண்டு. இதனால் ட்விட்டருக்கு ஆண்டுக்கு ஆறு கோடி டாலர் வரை போவதாக எலான் மஸ்க் குறைபட்டுக்கொண்டதும், 2023-ல் கட்டணம் செலுத்தாத பயனர்களுக்கு எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பை அந்நிறுவனம் நிறுத்தியதும் பலருக்கு நினைவிருக்கலாம். ஓட்டையை அடைக்காத செலவு கடைசியில் பயனரின் பாதுகாப்பிலிருந்துதான் கழிந்தது.

இதெல்லாம் அறியாமையால் நடக்கும் தவறு என்று சொல்லி விடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. வேலையை ஒப்படைப்பவர் “செய்தி போகிறதா” என்று மட்டும் கேட்கிறார். போனால் பணம். யாருக்கு, எத்தனை முறை, எந்த நிலைமையில் போகக்கூடாது என்ற கேள்வியை யாரும் விலைபேசுவதில்லை. நெட்வொர்க் தாமதமானால் நிரல் மறுபடி முயல்கிறது. முதல் முறையே போயிருந்தால் பெறுபவருக்கு ஒரே செய்தி ஐந்து முறை வரும். அவர் குழம்பி, எந்த ஓடிபி சரி என்று தெரியாமல் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுவார். அந்தத் தேடலில்தான் போலி எண் கிடைக்கும்.

இனி தமிழ். இந்தத் துறையில் நாம் பேசாமல் விட்ட பெரிய விஷயம் இதுதான் என்பேன்.

1985-ல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறியில் மனதுக்கு வந்த வாக்கியங்களையெல்லாம் அடித்துப் பார்த்து எழுத்துகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லாமே 160-க்குள் அடங்கின. அதுவே எஸ்எம்எஸ்ஸின் அளவு ஆயிற்று. ஒரு செய்தியில் 1,120 பிட் இடம். லத்தீன் எழுத்துக்கு ஏழு பிட் வீதம் 160. தமிழுக்கோ இதர இந்திய மொழிகளுக்கோ யூனிகோடில் ஓர் எழுத்துக் குறிக்குப் பதினாறு பிட். எனவே 70. நீளமான செய்தி பல துண்டாகும்போது, துண்டுகளைக் கோக்கும் குறிப்புக்கு இடம் போக, ஒரு துண்டில் 67 மட்டுமே.

அதிலும் கணினியின் எண்ணிக்கை நம் எண்ணிக்கை இல்லை. புள்ளி ஒன்று, துணைக்கால் ஒன்று, கொம்பு ஒன்று என்று ஒவ்வொன்றையும் தனியாக எண்ணும். நம் கண்ணுக்கு மூன்றெழுத்தான ‘அம்மா’வின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். “உங்கள் கணக்கிற்கான ஒருமுறைக் கடவுச்சொல் 482913. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.” என்ற சாதுவான வாசகம் 77 ஆகிறது. ஏழு கூடியதால் இரண்டு செய்திக்கான கட்டணம். இதே பொருளை ஆங்கிலத்தில் சொன்னால் ஒரு செய்தியில் பாதிகூட நிரம்பாது. ஆங்கிலச் செய்தியிலேயே ரூபாய்க் குறியீட்டை ஒரே ஓர் இடத்தில் போட்டாலும் மொத்தச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி 160 என்பது 70 ஆகிவிடும். இதற்கு அஞ்சி அந்தக் குறியீட்டைத் தவிர்க்கும் நிரலாளர்கள், ஒரு மொழியையே தவிர்ப்பதில் வியப்பில்லை. தமிழுக்கும் வேறு பல இந்திய மொழிகளுக்கும் ஏழு பிட் அட்டவணை பன்னாட்டுத் தரநிலையில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டில்தான் அதைக் காண முடிவதில்லை.

விளைவு கண்ணெதிரே இருக்கிறது. திண்டிவனத்திலோ தேனியிலோ நூறு நாள் வேலைக் கூலி வாங்கும் ஒரு பெண்ணின் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால், வரும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில். அவர் அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டி, “என்னப்பா போட்டிருக்கு, பாரு” என்கிறார். ரகசிய எண்ணை யாரிடமும் காட்டாதே என்ற அறிவுரையே, இன்னொருவரிடம் காட்டினால்தான் புரியும் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. மோசடிக்காரருக்கு இந்தத் தயக்கம் இல்லை; அவர் சுத்தமான தமிழில் போன் செய்து பேசுகிறார்.

கொஞ்சம் மெனக்கெட்டால் தமிழ் அடங்காமல் இல்லை. “ஓடிபி 482913. வங்கியே கேட்டாலும் சொல்லாதீர்கள்.” என்பது 47 தான். அனுப்புநரின் பெயருக்கு இன்னும் 23 மிச்சம். ஆங்கில டெம்ப்ளேட்டை வரிக்கு வரி மொழிபெயர்த்துவிட்டு நீளம் அதிகம் என்று கைவிரிப்பவர்கள், ஒரு முறையாவது தமிழிலேயே யோசித்து எழுதும் ஆளிடம் அதைக் கொடுத்துப் பார்க்கலாம்.

சரி, பெறுபவர் எவ்வளவு விழிப்பாக இருந்தால் போதும்? இந்தக் கேள்விக்கு 2022 ஆகஸ்ட்டில் ஒரு நல்ல விடை கிடைத்தது. நிரல் வழியே செய்தி அனுப்பும் தொழிலை உலக அளவில் பரப்பிய நிறுவனங்களில் முதன்மையானது, 2008-ல் தொடங்கிய ட்விலியோ. அதன் ஊழியர்களுக்கே ஒரு போலிக் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது, இந்த இணைப்பில் போய் மாற்றுங்கள் என்று நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு சொல்வதுபோல. சிலர் நம்பினார்கள். திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். அந்நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்திய சிக்னல் செயலியில் சுமார் 1,900 பேரின் எண்கள் பாதிப்புக்குள்ளாயின. எஸ்எம்எஸ்ஸே தொழிலாகக் கொண்டவர்கள் எஸ்எம்எஸ்ஸில் ஏமாந்தார்கள் என்றால், ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியரை “ஏன் ஏமாந்தீர்கள்” என்று கேட்பதில் என்ன நியாயம்?

அதே கும்பல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தையும் குறிவைத்தது. அங்கும் மூன்று பேர் தங்கள் கடவுச்சொல்லைப் போலிப் பக்கத்தில் தட்டிவிட்டார்கள். ஆனாலும் திருடர்களால் உள்ளே வர முடியவில்லை. கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவி இல்லாமல் கடவுச்சொல் மட்டும் அங்கே செல்லாது. இரு நிறுவன ஊழியர்களும் ஒரே அளவுக்குத்தான் ஏமாந்தார்கள். ஏற்பாடு வேறாக இருந்தது. ஏமாறுவது மனித இயல்பு என்று வைத்துக்கொண்டு ஏற்பாட்டைக் கட்டுவது மேலிருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை.

இதை நெறிமுறையாகவே எழுதிய நாடு ஒன்று இருக்கிறது, அங்கே தமிழும் ஆட்சிமொழி. 2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிச் செய்திகள் வந்தன. அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்ததால், கைபேசி அவற்றை வங்கியின் பழைய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே அடுக்கிக் காட்டியது. சுமார் 790 பேர் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். வாழ்நாள் சேமிப்பைப் பறிகொடுத்தவர்களும் அதில் உண்டு. வங்கி முழுத் தொகையையும் நல்லெண்ண அடிப்படையில் திருப்பிக்கொடுத்தது. வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் செய்திகளில் இணைப்புகளே வைப்பதில்லை என்று ஆயிற்று. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவுசெய்யாத பெயரில் வரும் செய்தி மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடே மக்களைச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததே முக்கியம். 2024 டிசம்பர் 16 முதல் பகிர்ந்த பொறுப்புக்கான நெறிமுறை ஒன்று நடப்புக்கு வந்தது. ஒருவர் போலி இணைப்பில் சிக்கிப் பணத்தை இழந்தால், முதலில் வங்கி தன் கடமைகளைச் செய்ததா என்று பார்ப்பார்கள். புதுக் கருவியில் கணக்கு திறக்கப்பட்டால் பன்னிரண்டு மணி நேரம் ஆபத்து மிகுந்த செயல்களை நிறுத்திவைத்ததா, உடனுக்குடன் அறிவித்ததா, எந்நேரமும் புகார் செய்ய வழி வைத்திருந்ததா? தவறியிருந்தால் இழப்பு வங்கியுடையது. வங்கி சரியாக இருந்தால் அடுத்துத் தொலைத்தொடர்பு நிறுவனம்: அங்கீகாரம் பெற்ற இடைநிறுவனங்களிடமிருந்து மட்டும் செய்தி வாங்கியதா, தீய இணைப்புகளைச் சல்லடையில் பிடித்ததா? அதுவும் சரியென்றால் மட்டுமே வாடிக்கையாளர் முறை வரும். கடைசியில்.

அந்த நெறிமுறையில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. தீநிரல் வழி மோசடிகள் அதில் வரவில்லை. நிரல் எழுதிய நிறுவனத்துக்கும் ஏபிஐ நிறுவனத்துக்கும் நேரடிப் பங்கு வைக்கப்படவில்லை. ஆனால் வரிசை சரியாக இருக்கிறது. நம் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையும் நல்ல நோக்கம் கொண்டதே: வங்கிமீதும் வாடிக்கையாளர்மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ரகசிய விவரத்தை அவரே பகிர்ந்திருந்தால், புகார் செய்யும்வரை ஏற்பட்ட இழப்பு முழுதும் அவர் தலையில். தொலைத்தொடர்பு நிறுவனம் என்ற ஒன்று அந்தக் கணக்கிலேயே வராது. டிராய் ஒரு பக்கம் செய்திகளைச் சலிக்கிறது, ரிசர்வ் வங்கி மறுபக்கம் இழப்பைப் பிரிக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது. ஏபிஐ நிறுவனங்களையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும். வரம்பு வைக்காத, சாவியைச் சிதறவிட்ட வாடிக்கையாளரின் கணக்கு திடீரென ஆயிரம் மடங்கு செய்தி அனுப்பும்போது அதை முதலில் காண்பது அவர்கள்தான்.

பெறுபவர்களான நமக்கும் பங்கு இல்லாமல் இல்லை. துணிக்கடைக் கல்லாவில் “போன் நம்பர் சொல்லுங்க சார்” என்றதும் ஒப்பிக்கிறோம். பில் போடக் கைபேசி எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கேட்டால் கொடுக்காமல் இருக்கலாம், யாரும் சட்டையைப் பிடிக்கமாட்டார்கள். வேண்டாத செய்தி வந்தால் அழித்துவிட்டுப் போகிறோம். 1909-க்குப் புகார் அனுப்ப முன்பு மூன்று நாள் அவகாசம். இப்போது ஏழு நாள். பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே அனுப்பியவர்மீது நடவடிக்கை தொடங்க வேண்டும். ஐந்து என்பது ஒரு தெருவில் கிடைக்கும் எண்ணிக்கை. மோசடி என்று சந்தேகம் வந்தால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதி இருக்கிறது. பணம் போய்விட்டால் 1930. குடியிருப்போர் நலச் சங்கங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களும் கூட்டம் போடும்போது இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதி வைக்கலாம்.

கல்லூரிகளிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஏபிஐ வழியே செய்தி அனுப்பும் பயிற்சியைப் பாடத்தில் வைப்பவர்கள், “செய்தி போனது” என்பதற்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, சாவி எங்கே இருக்கிறது, வரம்பு எத்தனை, தமிழில் அனுப்பினால் எத்தனை துண்டு என்று கேட்டு மதிப்பெண் போடட்டும். பதிவுக் கட்டணமும் கெடுபிடியும் சிறு நிறுவனங்களை நசுக்குகின்றன என்று தொழில்முனைவோர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஒரு சிற்றூர்ப் பள்ளியோ கூட்டுறவுச் சங்கமோ தனியாக டெம்ப்ளேட் எழுதி ஒப்புதலுக்கு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு மின்னாளுமை முகமையும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் சேர்ந்து, எழுபதுக்குள் அடங்கும் தமிழ் வாசகங்களை ஓடிபி, மின்கட்டணம், மருத்துவமனை முன்பதிவு, வெள்ள எச்சரிக்கை என்று வகைவாரியாக எழுதிப் பொதுவில் வைத்தால், யாரும் எடுத்துப் பதிந்துகொள்ளலாம்.

எழுபதுக்குள் அடங்காதவையும் இருக்கும். கணக்கிலிருந்து பணம் போனதையோ ஏரி உடையப்போவதையோ சொல்லும் செய்தி இந்திய மொழி ஒன்றில் எழுதப்பட்டு, அதனாலேயே இரண்டு துண்டானால், அதற்கு ஒரு செய்தியின் கட்டணத்தை மட்டும் வாங்கும்படி டிராய் உத்தரவிட வேண்டும். வருமானம் குறையும் என்று நிறுவனங்கள் வாதிடும், குறையத்தான் செய்யும். எவ்வளவு குறையும் என்ற கணக்கை அவர்களே பொதுவில் வைக்கட்டும், அதில் வங்கிகளும் அரசும் எவ்வளவு ஏற்பது என்று அதற்குப் பிறகு பேசலாம்.